டென்மார்க் அரசியலைத் தமிழில் பேசும் பக்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

முகநூலிலும் யூடியூப்பிலும் டிக்டொக்கிலும் டென்மார்க் அரசியல் செய்திகளைத் தமிழில் தருகிறீர்கள். டேனிஷ் நாளிதழை முழுதாக வாசிக்க முடியாத பெற்றோரும் புதிதாக வந்தவர்களும் உங்களை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள். "நிரந்தர வதிவிட விதி மாறிவிட்டது" என்று ஒரு தலைப்பைப் பார்த்ததும் சிலர் அரைகுறையாக விண்ணப்பம் போடுகிறார்கள். சிலர் இனிப் போட்டுப் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே உங்களிடம் முதன்மையாகக் கேட்பது ஒன்றுதான்: செய்தி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அமைச்சர் செய்தியாளர்களைக் கூட்டி வெளியிடும் 'உட்ஸ்பில்' அரசின் விருப்பம் மட்டுமே. அதன்பின் கட்சிகளுக்கிடையே உடன்பாடு வரலாம். வந்தால் பெரும்பான்மை இருக்கிறது என்று தெரியும், ஆனால் விதி இன்னும் மாறவில்லை. அடுத்து வரைவு பொதுமக்கள் கருத்துக்கு விடப்படும், வழக்கமாக ஏறத்தாழ நான்கு கிழமைகள். பிறகுதான் அது 'எல்' (L) என்று தொடங்கும் எண்ணோடு சட்டமூலமாகப் பாராளுமன்றத்துக்கு வருகிறது. அரசியலமைப்பின்படி அங்கே மூன்று வாசிப்புகள் உண்டு. மூன்றாம் வாசிப்பின் வாக்கெடுப்பு முடிந்து, மன்னரின் ஒப்புதல் கிடைத்து, அரசிதழில் வந்த பின்னர்தான் அது சட்டம்.

'பி' (B) எண்ணில் வருபவை வேறு. அவை தீர்மான முன்மொழிவுகள். பெரும்பாலும் எதிர்க்கட்சிகள் கொண்டுவருபவை, பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. நிறைவேறினாலும் அரசுக்கு ஒரு பணியைக் கொடுக்குமே தவிர, தானாகச் சட்டமாகாது. டிக்டொக்கில் அதிகம் சுற்றும் ஆவேசப் பேச்சுத் துண்டுகள் பல, இத்தகைய முன்மொழிவின் முதல் விவாதத்தில் வெட்டி எடுக்கப்பட்டவை. அந்தத் துண்டைப் போடும்போது எண்ணையும், அது 'பி' என்பதையும் சேர்த்துப் போட்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

சட்டமூலத்தில் முதலில் பார்க்க வேண்டியது, விளக்கக் குறிப்புகளுக்கு முன், சட்டப் பிரிவுகளின் கடைசியில் இருக்கும் நடைமுறைத் திகதியும் இடைக்கால விதியும். இதை யாரும் பார்ப்பதில்லை, இதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 2017-இல் நிரந்தர வதிவிடத்துக்கான காலம் 6 ஆண்டிலிருந்து 8 ஆண்டாக உயர்ந்தபோது, புதிய விதி அந்த ஆண்டு மார்ச் 15 முதல் கொடுத்த விண்ணப்பங்களுக்குப் பொருந்தியது. அதாவது சட்டம் நிறைவேறுவதற்கு முன்பிருந்த ஒரு திகதி. "சட்டம் வரட்டும், பார்க்கலாம்" என்று சொல்வதும் இதனால் ஆபத்துதான். கட்டத்தைச் சொல்லுங்கள், திகதியையும் சொல்லுங்கள்.

பிரஜாவுரிமை இந்த வரிசைக்குள் அடங்காது. அதற்கான நிபந்தனைகள் பல, கட்சிகளின் உடன்பாட்டின் வழியே சுற்றறிக்கையில் வருகின்றன. ஆனால் பிரஜாவுரிமை பெறுவோரின் பெயர்ப் பட்டியலோ சட்டமூலமாகவே பாராளுமன்றத்தில் நிறைவேறுகிறது. "எல் எண் எங்கே?" என்று தேடி, கிடைக்காததால் "பொய்ச் செய்தி" என்று அறிவித்துவிடாதீர்கள்.

அமைச்சர் சொல்வதையோ செய்வதையோ சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு, இந்த நாட்டில் நம் பெயராலேயே 'தமிழர் வழக்கு' என்று ஒரு வழக்கு இருக்கிறது. 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், ஈழத்து அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை நிறுத்திவைத்தார். அன்றைய சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருந்தது, கோப்புகள் நகரவில்லை. விசாரணை அறிக்கை வந்ததும் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995-இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. சட்ட வாசகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவர்களால்தான் அது வெளியே வந்தது. அந்தப் பழக்கத்தை நாம் விடக் கூடாது.

கருத்துக்கணிப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. கணிப்பு மேலோ கீழோ எவ்வளவு தவறலாம் என்பதைக் காட்டும் பிழைவிளிம்பை, "3 புள்ளி" என்று எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே அளவில் போடுகிறீர்கள். 1,000 பேரிடம் கேட்ட கணிப்பில் 27 வீதம் காட்டும் கட்சிக்கு அது ஏறத்தாழ சரி. 2.6 வீதம் காட்டும் கட்சிக்கு விளிம்பு 1 புள்ளி அளவுதான். ஆனால் அந்த 1 புள்ளியே அதைப் பாராளுமன்றத்துக்கான 2 வீத வாசலுக்குக் கீழே தள்ளப் போதும். 2022 நவம்பர் 1 தேர்தலில் டேனிஷ் மக்கள் கட்சி 2.6 வீதம் பெற்று 5 ஆசனங்களோடு உள்ளே வந்தது. இத்தகைய கட்சி "வெளியேறிவிட்டது" என்று ஒற்றைக் கணிப்பை வைத்து எழுதுவது தவறு.

வெளிநாட்டவர் எண்ணிக்கையை எடுக்கும்போது டென்மார்க் புள்ளிவிவரத் துறையின் எந்த அட்டவணை என்று பாருங்கள். ஒன்று பிரஜாவுரிமைப்படி எண்ணுகிறது, மற்றொன்று பூர்வீகப்படி. இலங்கையில் பிறந்து டேனிஷ் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர் முதலாவதில் டேனிஷ்காரர், இரண்டாவதில் குடிவரவாளர். இரண்டையும் கலந்து போட்ட வரைபடங்கள் நம் குழுக்களிலும் சுற்றுகின்றன.

உங்கள் பதிவின் கீழே சோமாலியரையோ முஸ்லிம்களையோ இழிவுபடுத்தி வரும் பின்னூட்டங்களை உடனே நீக்குங்கள். குற்றவியல் சட்டத்தின் 266பி பிரிவில் அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ உண்டு. தமிழில் எழுதியதால் யாரும் தப்ப முடியாது. சட்டத்துக்கு அப்பாலும், அகதிகளாக வந்து குடியேறிய ஒரு சமூகத்தின் பக்கத்தில் அந்த வார்த்தைகள் இருக்கவே கூடாது.

தவறு நேர்ந்தால் புதிய பதிவு போட்டுத் திருத்தாதீர்கள். பழையதுதான் தொடர்ந்து பகிரப்படும். முகநூலில் மூலப் பதிவின் முதல் வரியிலேயே "திருத்தம்" என்று எழுதி மாற்றுங்கள். பகிர்ந்தவர்களின் பக்கத்திலும் அது மாறிவிடும். யூடியூப்பில் தலைப்பை மாற்றி, திருத்தத்தைப் பின்னூட்டங்களின் உச்சியில் நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் போன திரைப்பிடிப்பு மாறாது. அதை அனுப்பிய குழுவுக்கே திருத்தத்தையும் அனுப்புங்கள், அதே தலைப்புப் படத்தோடு.

அன்புடன்,
டென்மார்க் அரசியலைத் தொடர்ந்து வாசிக்கும் சிலர்