கோவன்காரர் ஒருவர்

அன்பு மகளுக்கு,

கிளாஸ்கோவில் கோவன் பக்கம் வீடு கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதும் எனக்கு டேவி மீக்கிள்ஜான் ஞாபகம்தான் வந்தது. 'யாருப்பா அது?' என்பாய். 1900இல் அதே கோவனில் பிறந்தவர். 1919 முதல் 1936 வரை கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கால்பந்து அணிக்கு ஆடியவர். 12 லீக் பட்டம், 5 ஸ்காட்டிஷ் கோப்பை.

அவர் ஹாஃப் பேக், அதாவது ஃபார்வர்டுகளுக்கும் பின்னால் காக்கிறவர்களுக்கும் நடுவில் ஆடுகிறவர். ஃபார்வர்டுகள் பந்துக்காக எதிரணிக் காவலைத் தாண்டி முன்னாடியே போய் நிற்கக் கூடாது என்பதுதான் ஆஃப்சைடு விதி. 1925இல் அதைத் தளர்த்தியதும் கோல் அடிக்கிற ஃபார்வர்டுகளுக்குக் கொண்டாட்டம். ஹாஃப் பேக்குகளில் நடு ஆளான சென்டர் ஹாஃப்கள் பின்னால் இறங்கிக் காவல் நிற்க வேண்டியதாயிற்று. நானும் அப்படிக் காவல் நிற்கிற ஸ்டாப்பராக ஆடியவன், அதனால் அந்த ஆட்கள் மேல் கொஞ்சம் பாசம் கூடுதல். கோல் போட்டவன் படம்தானே பேப்பரில் வரும்!

சீனியர் லீவு போட்டால் வார்டு பொறுப்பு உன் தலையில் விழுகிறது என்று புலம்பினாயே, மீக்கிள்ஜானுக்கும் அப்படித்தான் ஆனது. 1928 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம், எதிரில் அதே ஊரின் பரம எதிரி அணி செல்டிக். வழக்கமான கேப்டன் மியூர்ஹெட் ஆடவில்லை, பொறுப்பு மீக்கிள்ஜான் தலையில் விழுந்தது. ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் பேர். 1903க்குப் பிறகு ரேஞ்சர்ஸ் அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை. இடைவேளை வரை 0-0. அப்புறம் ஒரு பெனால்டி. யார் அடிப்பது? மீக்கிள்ஜானே போய்ப் பந்தை வைத்தார், அடித்தார், கோல். கடைசியில் 4-0.

அன்று எதிரே நின்ற செல்டிக் கோல்கீப்பர் ஜான் தாம்சனுக்கு வயது 19. மூன்று வருஷம் கழித்து, 1931 செப்டம்பர் 5, ரேஞ்சர்ஸின் மைதானமான ஐப்ராக்ஸில் மறுபடி இதே இரண்டு அணிகள். ரேஞ்சர்ஸ் ஃபார்வர்டின் காலடியில் பாய்ந்த தாம்சனின் தலையில் முழங்கால் மோதியது. பையன் எழுந்திருக்கவில்லை. கோலுக்குப் பின்னால் நின்ற ரேஞ்சர்ஸ் கூட்டம் விவரம் புரியாமல் கூச்சல் போட, மீக்கிள்ஜான் அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி அடக்கினார். அவர்கள் அடங்கினார்கள். அன்றிரவே தாம்சன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். என்னைக் கேட்டால் அந்தப் பெனால்டியைவிட இதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். சொந்தக் கூட்டத்தை 'வாயை மூடு' என்று எத்தனை கேப்டன் சொல்வான்?

ஐப்ராக்ஸில் 1929இல் திறந்த செங்கல் ஸ்டாண்டு இன்னும் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் படம் எடுத்து அனுப்பு. ரேஞ்சர்ஸ்-செல்டிக் ஆட்டம் இருக்கிற அன்றைக்குப் போகாதே. அன்றைக்கு ரேஞ்சர்ஸின் நீலச் சட்டையும் வேண்டாம், செல்டிக்கின் பச்சையும் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா