அப்பாவை வீட்டிலேயே வைத்துப் பார்க்கத் துணைநின்றவர்களுக்கு

அன்புள்ள நோய்த்தணிப்பு (பாலியேட்டிவ் கேர்) குழுவினருக்கு,

அப்பா காலமான பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். அதை எழுத்திலும் சொல்லிவிட வேண்டும் என்றார் அம்மா.

நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில், "இனி ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு ஒரே பயம்தான்: நடுராத்திரியில் வலி வந்தால் யாரைக் கேட்பது?

முதல் நன்றி சிஸ்டருக்கு. வலி, மூச்சுத்திணறல், குமட்டல், களைப்பு, கவலை என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எண் போட்டு அப்பா தினமும் காலையில் போனில் அனுப்புவார். எண் ஏறினால் உங்கள் அழைப்பு வந்துவிடும். ஆனால் அப்பா வலியைக் குறைத்தே சொல்கிற ஆள். ஒருநாள் வலிக்கு 3 என்று அனுப்பியிருந்தார். அன்று வீடியோ காலில் நீங்கள் எண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் படுங்கள் ஐயா" என்றீர்கள். திரும்பும்போது அவர் புருவம் சுருங்கியதையும், கை கட்டில் சட்டத்தை இறுகப் பற்றியதையும் பார்த்தீர்கள். உடனே டாக்டரையும் அதே அழைப்பில் சேர்த்தீர்கள். வலிக்கான மார்ஃபின் மருந்தின் அளவு அன்றே மாறியது. கூடவே, மார்ஃபினால் வரும் மலச்சிக்கலுக்கான மருந்தும். அன்றிரவு அப்பா அசந்து தூங்கினார்.

டாக்டர், மார்ஃபின் என்ற பேரைக் கேட்டாலே உறவினர்கள் பலர் பதறினார்கள். சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது என்று ஒவ்வொருவருக்கும் நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்த எங்களிடம், விரல் சில்லிட்டுப் போனால் அது சரியாகக் காட்டாது, அவர் சிரமப்படுகிறாரா என்று மட்டும் பாருங்கள் என்றீர்கள். முகத்தில் படும்படி சின்ன ஃபேனை வைக்கச் சொன்னீர்கள். மூச்சிரைப்புக்கு அது தந்த ஆறுதல் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. கருவியைக் கழற்றி வைக்கலாம் என்று சொல்லவும் ஒரு மருத்துவர் வேண்டும்.

தம்பி தொலைவில் இருக்கிறான் என்ற ஏக்கம் அப்பாவை அரித்துக்கொண்டிருந்ததையும் கவனித்தீர்கள். மனக்கவலையும் உறவின் தவிப்பும் வலியில் சேர்த்திதான் என்பது 1967-இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளைப் பேணும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் வலியுறுத்தியது என்று சொல்லி, அவனையும் அழைப்பில் சேர்த்தீர்கள். அப்பா அவனிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லி முடித்தார்.

அப்புறம், அம்மாவின் போனில் பெரிய எழுத்தில் ஒரே பொத்தானாக உங்கள் அழைப்பை வைத்துக் கொடுத்த, உங்கள் குழுவின் இளைஞருக்கு. அம்மா தனியாக இருந்த நேரங்களிலும் பயப்படாமல் இருந்தது உங்களால்தான்.

அப்பாவால் விழுங்க முடியாமல் போனதும் நேரில் வந்து, தோலுக்கடியில் ஊசி பொருத்தி, மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் வைத்துவிட்டுப் போன இரண்டு சிஸ்டர்களுக்கும் நன்றி. வீடியோவில் செய்ய முடியாத வேலை எது என்று உங்கள் குழுவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதற்கு ஆள் வரத் தாமதமானதே இல்லை.

கடைசி இரவு சிக்னல் சரியில்லை, படம் வரவில்லை. மறுமுனையில் இருந்த சிஸ்டர், எங்கள் குரலை மட்டும் கேட்டே வழிநடத்தினீர்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தபோது ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னீர்கள். உதட்டை ஈரத்துணியால் நனைக்கச் சொன்னீர்கள். அந்தச் சத்தம் கேட்கிற நம்மைத்தான் வருத்தும், பெரும்பாலும் அவருக்கு அது தெரியாது என்றீர்கள். பேசிக்கொண்டே இருங்கள், காது கேட்கலாம் என்றும் சொன்னீர்கள். பேசினோம். விடியும்வரை நீங்கள் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அம்மா சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேட்டு அழைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பம்பையும் மற்றக் கருவிகளையும் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறோம். அடுத்து தேவைப்படுகிற வீட்டுக்குச் சீக்கிரம் போய்ச் சேரட்டும்.

மிகுந்த நன்றியுடன்,
அம்மாவும் பிள்ளைகளும்