பர்கூர் மலைக்காட்டின் நிர்வாகத்தில் கிராம சபைகளுக்கு உரிய இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் 80,000 ஹெக்டேருக்கும் அதிகமான காப்புக்காடு 2024 ஜனவரியில் தந்தை பெரியார் வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது முதல், பர்கூர் மலையைப் பற்றிய விவாதம் முழுவதும் சரணாலயம் வேண்டுமா, வேண்டாமா என்பதிலேயே நின்றுவிட்டது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தையும் காவிரிக் கரையை ஒட்டிய காடுகளையும் இணைக்கும் இந்த வனப்பகுதி காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அதைக் காப்பதற்கான முடிவுகளை எடுக்கும் இடத்தில் அங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்துவரும் சோளகர் பழங்குடியினரும் மாடு வளர்க்கும் லிங்காயத்துகளும் இருக்கிறார்களா என்பதே என் கவலை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் குடியிருப்புக்கும் விளைநிலத்துக்கும் பட்டா வழங்கும் சட்டமாகவே பலரும் புரிந்துவைத்திருக்கிறோம். வழக்கமாகப் பயன்படுத்திவந்த காட்டைப் பாதுகாக்கவும், மீட்டெடுக்கவும், நிர்வகிக்கவும் ஊருக்கு உள்ள உரிமையை அதன் மூன்றாம் பிரிவு ஏற்கிறது; இதுவே சமூக வன வள உரிமை. வன உயிரினங்களுக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கும் கேடு நேராமல் காக்கும் அதிகாரத்தை ஐந்தாம் பிரிவு கிராம சபைக்கு அளிக்கிறது. உரிமையும் பொறுப்பும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் உரிமை ஆவணங்கள் வழங்குவது தடைப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே வழி திறந்தது. அதன் பின்னரும் தனிநபர் பட்டாக்களுக்குக் கிடைத்த கவனம் சமூக வன வள உரிமைக்குக் கிடைக்கவில்லை.

மக்களைச் சேர்த்துக்கொண்டுதான் செயல்படுகிறோம் என்று வனத்துறை கூறக்கூடும். ஜப்பான் நிதியுதவியுடன் 1997இல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் ஊர்தோறும் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டது உண்மையே. தரிசாகக் கிடந்த அடிவாரக் காடுகள் பல இடங்களில் தழைத்ததும் உண்மையே. எனினும், அரசாணையால் பிறந்த குழு அரசாணையாலேயே கலைந்துவிடக் கூடியது. எதை நடுவது, எந்தப் பகுதியை மூடுவது என்பதைத் துறையே முடிவு செய்து, குழி வெட்டவும் காவல் காக்கவும் மட்டும் ஊராரை அழைக்கும் ஏற்பாடு நிதி தீர்ந்ததும் ஓய்ந்துவிடுகிறது. சட்டத்தால் வரும் அதிகாரம் அவ்வாறு ஓயாது.

பர்கூரில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது மேய்ச்சலில்தான். செந்நிறத் தோலில் வெண்திட்டுகள் கொண்ட பர்கூர் மாடு, காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்தே வளர்க்கப்பட்ட இனம். தொழுவத்தில் கட்டித் தீனி போட்டு அதைக் காப்பாற்றிவிட முடியாது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, சில நாட்களிலேயே அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. அன்று அந்தத் திருத்தத்தால் நிம்மதி அடைந்த பட்டிக்காரர்களின் காடே இன்று சரணாலயமாகியிருக்கும் நிலையில், அவர்களின் அச்சத்தைத் தேவையற்றது என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. மேய்ச்சலும் அதே வன உரிமைச் சட்டம் ஏற்கும் உரிமைதான் என்பதை அரசு எழுத்துப்பூர்வமாக உறுதி செய்ய வேண்டும்.

அளவுக்கு மீறிய மேய்ச்சல் இளம் மரக்கன்றுகளை அழிக்கும், கால்நடை நோய்கள் காட்டெருமைக்குப் பரவும் என்னும் சூழலியலாளர்களின் எச்சரிக்கையை நான் புறக்கணிக்கவில்லை. அதற்காகவே, எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் புல் தீரும், யானை எந்த வழியாக இறங்கும், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது என்பதை அறிந்தவர்கள் கூடிப் பட்டிகளின் எண்ணிக்கையையும் மூடவேண்டிய பகுதிகளையும் முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். ஊரே கூடி ஏற்ற கட்டுப்பாட்டை மீறுபவன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இவ்வளவு பரந்த காட்டில் சில வனக்காப்பாளர்களால் மட்டும் அந்தக் கண்காணிப்பைத் தர இயலாது.

எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கநாதர் மலை 2011இல் புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் அங்குள்ள சோளிகர் பழங்குடியினரின் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் அத்தகைய உரிமை ஏற்கப்பட்டது நாட்டிலேயே அதுவே முதல் முறை. உண்ணிச்செடி என்னும் அயல்நாட்டுப் புதர் அந்தக் காட்டை மூடிவிட்டதற்கு, கோடையின் தொடக்கத்தில் தாங்கள் வைத்துவந்த சிறு தரைத்தீ தடுக்கப்பட்டதும் ஒரு காரணம் என்று அங்குள்ள முதியவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர்; ஆய்வாளர்களும் பின்னர் அதைக் கருத்தில் எடுத்துக்கொண்டனர். அங்கே எல்லாம் சீராக நடக்கிறது என்று நான் கூற வரவில்லை. தேன், நெல்லி சேகரிப்பதில் இன்னும் இழுபறிகள் உண்டு. ஆயினும் மக்களிடம் உரிமையைக் கொடுத்தால் புலி அழியும் என்ற வாதத்துக்கு அந்த மலை இடம் தரவில்லை.

ஆகவே, சரணாலயத்தின் மேலாண்மைத் திட்டம் இறுதியாவதற்கு முன், பர்கூரின் சமூக வன வள உரிமைக் கோரிக்கைகளை முடித்துத் தருமாறு மாவட்ட ஆட்சியரையும் வனத்துறையையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முப்பதுக்கும் மேற்பட்ட மலைக் கிராமங்களைக் கொண்ட ஊராட்சிக்கு ஒரே இடத்தில் கிராம சபை கூட்டினால் தொலைவில் உள்ளவர்கள் வர இயலாது. அந்தந்தக் குடியிருப்பிலேயே கூட்ட வேண்டும். வன உரிமைக்கான கூட்டத்தில் உறுப்பினர்களில் பாதிப் பேரும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும் என்பது விதி. சீமாறு புல்லும் கடுக்காயும் சேகரிக்கச் செல்லும் பெண்களும், மாடுகளோடு பட்டியில் தங்கியிருப்போரும் வந்து சேரக்கூடிய நாளாகப் பார்த்து, அவர்கள் பேசும் மொழியிலேயே முன்கூட்டி அறிவிப்புச் செய்ய வேண்டும்.

இங்ஙனம்,
அந்தியூர் வாசகர் ஒருவர்