உன் பார்சல் செய்த வேலை

அன்புள்ள வசந்தி,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டுவதென்றால் முதலிலேயே திட்டிவிடு. இங்கு எல்லோரும் சுகம். காலபோக நெல் வெட்டு முடிந்துவிட்டது, அம்மாவின் காது இன்னும் கொஞ்சம் மந்தம், நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ லண்டனிலிருந்து அனுப்பிய விற்றமின் பார்சல் எங்களை ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட வைத்துவிட்டது.

பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பேரன் சின்னவனுக்கென்று கரடிக்குட்டி மாதிரி விற்றமின் அனுப்பினாயே, அதை அவன் ரொபி என்றே முடிவுகட்டிவிட்டான். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு வர, போத்தல் பாதி வெறுமை. எத்தனையடா தின்றாய் என்று கேட்டால், பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுக் கால் விரலையும் குனிந்து பார்க்கிறான்! மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறக்க, நான் பின்னால் போத்தலும் கையுமாக. டொக்டர் பிள்ளையைப் பார்க்க முதல் போத்தலைத்தான் வாங்கிப் பார்த்தார். “நல்ல காலம் அம்மா, இதில் இரும்பு இல்லை” என்றார். அந்தக் கரடிக்குட்டி வகைகளில் பெரும்பாலும் இரும்பு போடுவதில்லையாம். பெரியவர்களின் போத்தலைத் திறந்திருந்தால் கதை வேறு, இரும்புக் குளிசை கூடிப்போனால் சின்னப் பிள்ளைகளுக்கு நஞ்சு, ஈரலைத் தாக்கி உயிரையும் எடுக்கும் என்றார். அந்தப் பெரியவர்களின் போத்தல் என் கட்டிலுக்குக் கீழேதான் கிடந்தது வசந்தி. வரும் வழியெல்லாம் எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பிழை உன்னுடையதல்ல. நீ பேர் எழுதித்தான் அனுப்பினாய். நாங்கள்தான் “சத்துக் குளிசைதானே, ஆர் போட்டால் என்ன” என்று எல்லாவற்றையும் ஒன்றாகவே நினைத்து, கைக்கு வந்ததை விழுங்கிக்கொண்டிருந்தோம். அன்றிரவு எல்லாப் போத்தலையும் பாயில் பரப்பி, மகன் ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல, எனக்குத் தலை சுற்றியது.

முதல் கோமாளி நான். இளம் பெண்களுக்கான போத்தலை ஆறு கிழமை போட்டிருக்கிறேன், ஒரு குளிசையில் 18 மில்லிகிராம் இரும்பு. அது மாதாமாதம் இரத்தம் போகிறவர்களுக்கான கணக்கு. எனக்கு அந்தத் தொல்லை நின்றே ஆறு வருடம், நாளுக்கு 8 போதும், அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். கூடிப்போன இரும்பை உடம்பு தானாக வெளியே தள்ளாது, சேர்த்துத்தான் வைக்கும். நானும் மலச்சிக்கல் என்று ஊரெல்லாம் பப்பாசிப்பழம் தேடித் திரிந்தேன், சிரிக்காதே.

மருமகளை நினைக்கத்தான் வயிறு கலங்குகிறது. இரண்டாவது பிள்ளைக்கு யோசிக்கிறாள், நீ அம்மாவுக்கென்று அனுப்பிய மீன் ஈரல் எண்ணெய்க் குளிசையை முகம் பளபளக்கும் என்று இவள் போட்டிருக்கிறாள். மீன் ஈரல் எண்ணெயில் இருக்கிற விற்றமின் ஏ, ரெட்டினோல், நாளுக்கு 3000 மைக்ரோகிராமைத் தாண்டினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரலாமாம். அதோடு பல விற்றமின் சேர்ந்த இன்னொரு குளிசையும் போட்டால் இரண்டும் கூட்டுக்கணக்கு. முருங்கையிலையிலும் கரட்டிலும் இருப்பது அந்த வகையில்லை, அதற்குப் பயமில்லை. அவளுக்கு உண்மையில் வேண்டியது போலிக் அசிட் என்கிற விற்றமின், நாளுக்கு 400 மைக்ரோகிராம், அதுவும் கரு தங்க முதலே. பிள்ளையின் முள்ளந்தண்டு மூடுவது முதல் 28 நாளுக்குள், அப்போது தாய்க்கே தெரியாது தான் தாயென்று! அதை மிட்வைப் பிள்ளை காசில்லாமல் கொடுக்கிறா. வாங்கப் பஞ்சியில் இருந்தவளை அடுத்த நாளே அனுப்பினேன்.

அம்மாவின் கதை வேறு. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெற்போமின் போடுகிறா, கால் எரியுது, விறைக்குது என்பதை வயது என்றே விட்டுவிட்டோம். மெற்போமின் விற்றமின் பி12-ஐக் குறைக்குமாம், அது குறைந்தால் நரம்பு பழுதாகிக் கால் எரியவும் விறைக்கவும் கூடுமாம். வயது போகப் போக வயிற்று அமிலம் குறைந்து, சாப்பாட்டிலுள்ள பி12-ஐப் பிரித்தெடுக்கவும் ஏலாமல் போகுமாம். 50 வயதுக்கு மேல் என்று எழுதிய போத்தலில் பி12 கூட இருப்பது அதற்குத்தான். ஆனால் குளிசையைக் குத்துமதிப்பாகப் போடாமல், இரத்தம் சோதிக்கச் சொல்லி அடுத்த கிளினிக்கில் கேட்கப்போகிறோம்.

இவர் மட்டும் ஆண்களுக்கான போத்தல் தனக்கு என்று நெஞ்சை நிமிர்த்தினார், வாயில் சுருட்டு. மகன் அந்தப் போத்தலில் பீற்றாகரட்டீனை, கரட்டில் இருக்கிற அந்த விற்றமின் ஏ வகையை, கண்டுவிட்டு, பின்லாந்தில் 29,000 புகைகாரரில் பாதிப்பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1994இல் வந்ததாம், அதைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 வீதம் கூடியது என்று வாசித்தான். அங்கே கொடுத்தது பெரிய அளவு, 20 மில்லிகிராம். என்றாலும் இவர் உடனே போத்தலைத் தள்ளி வைத்துவிட்டார். சுருட்டைத் தள்ளவில்லை.

இன்னொன்று. வவுனியா அத்தானுக்கு நீ ஒன்றும் அனுப்பிவிடாதே. அவரைப்போல் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு விற்றமின் ஏ உடம்பில் தேங்கும், சில தாதுக்களும் அப்படித்தான். அந்தப் பக்கம் எத்தனை தோட்டக்காரருக்கு அந்த வருத்தம் என்று உனக்குத் தெரியும், கிளினிக் டொக்டரைக் கேட்காமல் அவர் ஒரு குளிசையும் தொடக்கூடாது.

கிணற்றடி முருங்கை இப்போது காடாக நிற்கிறது, குளத்து மீனும் மலிவு. அடுத்த பார்சலில் விற்றமின் வேண்டாமடி, எனக்கு வாசிக்கிற கண்ணாடி ஒன்று போடு, 2.5. அந்தப் போத்தல்காரர் எழுத்தை எறும்புக்கா எழுதுகிறார்கள்? சின்னவன் லண்டன் ரொபி முடிந்துபோச்சு என்று தினமும் அழுகிறான், அவனுக்கு வெறும் ரொபியே அனுப்பு.

உன்
மல்லிகா