கயிற்றை என் கையிலேயே விட்டுவைத்தவர்களுக்கு

அன்புள்ள கேப்டனுக்கும், கூட வந்த மூன்று பேருக்கும்,

பாய்மரப் படகுப் பயணம் முடிந்து கரைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன், தரை ஆடுகிறது. இறங்கிய அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டதால் பையில் எதையோ தேடுவதுபோல நடித்துத் தப்பித்துவிட்டேன். அதனால்தான் இப்போது எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

எனக்கு 57 வயது. இதற்கு முன் படகில் போனதெல்லாம் வேறொருவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதை எடுத்துக் கொடுக்கிற ஆளாகத்தான். கயிறு கொஞ்சம் இறுகினாலே "விடு, நான் பார்த்துக்கறேன்" என்று யாராவது வாங்கிக்கொள்வார்கள். வாங்கியவர்கள் நல்லவர்கள், சிக்கலே அதுதான்.

கேப்டன், நீ என் மகள் வயதுக்காரி. முதல் நாளே வின்ச்சில், அதாவது பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையில், கயிறு ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறி நகராமல் இறுகிப் போனது. நீ இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, "அவசரமில்லை, நீங்களே பாருங்கம்மா" என்றாய். இன்னொரு கயிற்றை முடிந்து அடுத்த வின்ச்சில் பாரத்தை மாற்றி அதை அவிழ்ப்பதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது, உனக்கும் கை துறுதுறுத்திருக்கும், ஆனாலும் நீ கையை வெளியே எடுக்கவில்லை.

இரண்டு நாள் வாந்தி எடுத்த என்னைக் கீழே போய்ப் படுக்கவிடாமல், சுக்கானைக் கையில் கொடுத்து அடிவானத்தைப் பார்க்கச் சொன்ன அக்காவுக்கும் நன்றி. வாளியைக் கழுவியதற்குத் தனியாக.

அப்புறம் அந்த நான்காம் இரவு. இரண்டு முதல் ஐந்து மணி வரை என் காவல். மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் இருந்த காற்று 24-ஐத் தொட்டது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும், பாயைச் சுருக்கலாமா என்று முதல் தடவை தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும், எல்லாம் நீ சொல்லித் தந்ததுதான். தெரிந்தும் அரை மணி நேரம் சும்மா இருந்தேன், பயந்துபோய் எழுப்புகிறாள் என்று நினைப்பாயோ என்று. கடைசியில் கதவைத் தட்டினேன். நீ மேலே வந்து பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டு, "சரி, என்ன செய்யலாம், சொல்லுங்க" என்றாய். நான் சொன்னேன். நீ செய்தாய்! பாய் சுருங்கியதும் படகு சாய்வு குறைந்து நிதானத்துக்கு வந்தது. நீ ஒன்றும் சொல்லாமல் திரும்பப் போய்த் தூங்கிவிட்டாய். என்னை நம்பி இருட்டில் யாரும் அப்படித் தூங்கியதில்லை.

ஜீன் சாக்ரடீஸ் என்ற பிரிட்டிஷ் பெண்மணியின் கதையை எனக்குச் சொன்ன தோழிக்கும் நன்றி. நாற்பதுகளின் கடைசியில் பாய்மரம் பழகியவர், 2019-இல், 77 வயதில், எங்கும் நிற்காமல், யார் உதவியும் இல்லாமல் தனியாக உலகைச் சுற்றி முடித்தார். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை, தனியாகப் போனால் நான் யாரிடம் பேசுவது? ஆனால் "இந்த வயசிலா?" என்று கேட்பவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

கேப்டன், உன் தலைவிளக்கு என் பையில் வந்துவிட்டது. அடுத்த பயணத்தில் தருகிறேன். இரண்டு முதல் ஐந்து காவலை எனக்கே போடு.