வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்தப் படமும் புதிய கட்டணமும்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களுக்கும், கோப்பறையைக் கட்டிக் காக்கும் கிராணிமார்களுக்கும் வணக்கம். உங்கள் பழைய கோப்புப் பெட்டிகளைச் சேமித்து வைக்கும், தாளை வெட்டி அழித்துத் தரும் நிறுவனத்திலிருந்து எழுதுகிறோம்.

லைட் ஸ்திரீட் நீதிமன்ற வட்டாரத்தில் இரண்டு வாரமாகப் புலனத்தில் சுற்றும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அஞ்சடி ஓரத்தில் கிழிந்த கறுப்புப் பை, அதிலிருந்து சரிந்த காகித நாடாக்கள், ஒரு நாடாவில் கட்சிக்காரர் பெயரும் தொகையும் முழுசாக. படத்துக்குக் கீழே எங்கள் பெயரைப் போட்டுப் பரப்புகிறார்கள்.

அது எங்கள் இயந்திரம் வெட்டியது அல்ல. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பத்து சென் காசு கிடக்கிறது. அதன் குறுக்களவு 18.8 மில்லிமீட்டர். நாடாவின் அகலம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6 மில்லிமீட்டர். நீளமோ தாளின் முழு நீளம். தாள் அழிப்புக்கான ஐஎஸ்ஓ 21964 தரத்தில் இது பி-2 நிலை; எண் கூடக் கூடத் துண்டு சிறிதாகும். நாங்கள் வெட்டுவது பி-4: 4 மில்லிமீட்டருக்கு 40 மில்லிமீட்டர், குறுக்கு வெட்டு. ஓர் ஏ4 தாள் எங்களிடம் ஏறக்குறைய 390 துண்டாகும். அந்த நாடா இயந்திரத்தில் 35 நாடாதான். வரி முழுசாகப் படிக்க முடிவதற்கும் காரணம் உண்டு. கட்சிக்காரர் கணக்கு விவரத்தைத் தாளின் நீளவாக்கில் அச்சிட்டு, குறுகிய பக்கத்தை முன்னால் விட்டால், கத்தி வரியோடு சேர்ந்தே ஓடும். ஒரு நாடாவுக்கு ஒரு வரி, பெயரும் தொகையும் சேதமில்லாமல் வெளியே வரும். 40 மில்லிமீட்டர் துண்டில் அப்படி ஒரு வரி வரவே வராது. தவிர, நாங்கள் பிளாஸ்டிக் பையில் எதையும் எடுப்பதில்லை. முத்திரை எண் போட்ட பூட்டுத் தொட்டிதான். வெட்டிய துண்டுகளும் பொதியாக அழுத்தப்பட்டு நேரே காகித ஆலையின் கூழ்த் தொட்டிக்குப் போகிறது. இவ்வளவு விளக்குவது சற்று அதிகமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் கெட்ட பெயர் வந்தால் துடைப்பது கஷ்டம்.

பை யாருடையது என்று தேடுவது எங்கள் வேலை இல்லை. மேசைக்கடியில் நாடா வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதைக் கட்சிக்காரர் தாளுக்குப் பயன்படுத்தாமல் இருந்தால் போதும்.

இனி கட்டணம். அடுத்த மாதம் முதல் அழிப்பு பெட்டிக்கு 15 வெள்ளியிலிருந்து 18 வெள்ளி. சேமிப்பு மாதம் பெட்டிக்கு 1.20-இலிருந்து 1.50. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆனது. லோரியில் எப்போதும் இருவர் வேண்டும்: ஒருவர் மாடியேறினால் மற்றவர் வண்டியை விட்டு நகரக் கூடாது. இதை மட்டும் சிக்கனம் பண்ண மாட்டோம். இருவரில் ஒருவர் வேலையை விட்டுவிட்டதால், இப்போதைக்குத் தீவுப் பக்கம் செவ்வாய், வியாழன் மட்டுமே வருவோம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தப்படி, 2025 ஏப்ரல் 1 முதல் பாதுகாப்புக் கடமை எங்களைப் போன்ற செயலாக்குநர்கள் (பிறருக்காகத் தரவைக் கையாள்பவர்கள்) மீதும் நேரடியாக விழுகிறது. அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை போகலாம்.

நவம்பரில் கத்தி மாற்றிய 9 நாள்களில் எடுத்த பெட்டிகளின் அழிப்புச் சான்றிதழில், எடுத்த தேதியே அழிப்புத் தேதியாகத் தவறாகப் பதிவாகியிருக்கிறது. கேட்பவர்களுக்குத் திருத்தித் தருகிறோம்.

பெட்டி கட்டும்போது கொஞ்சம் கவனியுங்கள். ஸ்டேப்பிள் ஊசி இருந்தால் பரவாயில்லை. லீவர் ஆர்ச் கோப்பின் இரும்புப் பிடி கத்தியின் பல்லை உடைக்கும். பிளாஸ்டிக் உறை உருளையில் உருகிச் சுற்றிக்கொள்ளும். இரண்டையும் கழற்றிவிடுங்கள். பென்டிரைவ், குறுந்தட்டு தனி உறையில் வரட்டும். ஒரு பெட்டியில் 2,500 தாளுக்கு மேல் வேண்டாம், அதுவே 12.5 கிலோ, இன்னும் திணித்தால் படிக்கட்டில் அடி பிய்த்துக்கொள்ளும். ஏர்கோன் ஒழுகி நனைந்த பெட்டியைத் தயவுசெய்து மூடி அனுப்பாதீர்கள். இரண்டே வாரத்தில் பூஞ்சை பக்கத்துப் பெட்டிக்கும் தாவிவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், மூல ஆவணம். நாங்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. மூல உயிலோ நிலப் பட்டாவோ உள்ளே கிடந்தால் அது 390 துண்டுதான். மூடும் முன் மூத்த கிராணி ஒருவர் ஒரு தடவை புரட்டிப் பார்க்கட்டும். அழிப்பு ஆண்டை வெளியே எழுதும்போது, தாளை வைத்திருக்க வெறும் 6 ஆண்டு போதும் என்று கணக்குப் போடாதீர்கள். வருமான வரிக்கு 7, நில வழக்குக்கு 12, கவனக்குறைவு வழக்கில் 15 ஆண்டு வரை நீளும். எது பொருந்தும் என்று கூட்டாளி வழக்கறிஞர் கையெழுத்திட்டுச் சொல்லட்டும். ரசீதில் கையெழுத்திடும் முன் முத்திரை எண்ணைத் தொட்டியோடு ஒத்துப் பாருங்கள்.

படம் பரவிய மறுநாளே எங்களை அழைத்து, "பெட்டி தயார், எப்போது வருகிறீர்கள்?" என்று மட்டும் கேட்ட அலுவலகங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்களால்தான் தைரியமாக இருக்கிறோம். சந்தேகம் உள்ளவர்கள் பிறை கிடங்குக்கு நேரில் வந்து, தங்கள் பெட்டி வெட்டுப்படுவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். முதல் நாள் சொல்லிவிட்டால் போதும்.

தைப்பூச விடுமுறையில் லோரி ஓடாது. அந்த வாரம் எடுக்க வேண்டிய பெட்டிகளின் எண்ணிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகம்
பிறை, பினாங்கு