அப்பாவுக்கு ஸ்கோர் ஷீட் எழுதித் தந்த பெண்ணுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

அப்பா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை ஒன்றரை இட்லி சாப்பிட்டார், காபியில் சர்க்கரை இல்லை என்று என்னோடு சண்டைக்கு வந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கூடைப்பந்து அரங்கில் அவர் சரிந்து விழுந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை.

அரங்கில் அவரைத் தாங்கிப் பிடித்த இரண்டு பையன்கள், ஆம்புலன்சில் வந்தவர்கள், இரவு ஷிப்ட் நர்சுகள், என் பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்குக் கூட்டிப்போன செஞ்சூரியன் பகுதி நண்பர்கள், மராபாஸ்டாட் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து விபூதியும் எலுமிச்சை சாதமும் கொண்டுவந்த அக்கா... உங்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நேரில் வருவேன்.

ஒருத்தியைப் பற்றி மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா தூத்துக்குடிப் பக்கம் 31 வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவர். பேரப்பிள்ளைகளைப் பார்க்கத்தான் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்கு வந்தார். 18 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆஃப்ரோபாஸ்கெட், அதாவது ஆப்பிரிக்க நாடுகளின் கூடைப்பந்துப் போட்டி, 2024 செப்டம்பரில் இதே ஊரில் நடக்கிறது என்று தெரிந்ததும் பேரப்பிள்ளைகள் இரண்டாம்பட்சமாகிவிட்டார்கள். முதல் நாளே கீழே இறங்கிப் போய், ஸ்கோர் எழுதும் மேசையை எட்டிப் பார்த்தார். எல்லாம் கம்ப்யூட்டரில். முகம் வாடிவிட்டது. பக்கத்தில் நின்ற தன்னார்வலப் பெண்ணிடம், தன் காலத்தில் எப்படி எழுதினோம் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். பக்கத்து லாடியம் பகுதிப் பெண், தமிழ்க் குடும்பம். ஐந்தாறு தலைமுறைக்கு முன் இந்த நாட்டின் நேட்டால் பகுதிக்கு வந்தவர்களாம். தமிழ் கேட்டால் கொஞ்சம் புரியும், பேச வராது.

மூன்றாம் நாள் அது நடந்தது. மறுநாள் சாயங்காலமே அவள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள், கையில் ஒரு மடித்த தாள். முந்தின நாள் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட், முழுக்கக் கையால் எழுதியது. முதல், மூன்றாம் குவார்ட்டர் (ஆட்டத்தின் கால் பகுதி) சிவப்பு மையில், மற்ற இரண்டும் நீலத்தில், விதிப்படி. இரண்டு புள்ளிக்குச் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு (தடையில்லாமல் எறியும் வாய்ப்புக்கு) உள்ளே நிரப்பிய பொட்டு, மூன்று புள்ளி போட்டவனின் எண்ணைச் சுற்றி வட்டம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் போனில் எதையும் பார்க்க முடியாது. அதை இவள் எப்போது கவனித்தாளோ! அரங்கில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ராத்திரி உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறாள்.

அந்தத் தாளின் மூலையில் தமிழில் 'தாதா' என்று எழுதியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. டியூப் செருகிய கையாலேயே நர்சிடம் சிவப்புப் பேனா கேட்டு வாங்கி, விட்டுப்போன 'த்'தை நடுவில் சேர்த்து, அவளிடம் காட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மறுநாள் வந்த தாளில் 'தாத்தா' என்று சரியாக இருந்தது, அடியில் இரட்டைக் கோடு வேறு. டாக்டர் சொன்ன மருந்தை மறந்தாலும் மறப்பார், சாயங்காலம் ஆறு மணியை மறக்க மாட்டார். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி ஏழு தாள். ஆண்களில் மாலியும் கேமரூனும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 2025 உலகக் கோப்பைக்கு (19 வயதுக்கு உட்பட்டோர்) தகுதி பெற்றுவிட்டன, பெண்களில் மாலியும் நைஜீரியாவும் செக் நாட்டின் பர்னோ நகரில் அதே ஆண்டுக் கோப்பைக்கு. இதையெல்லாம் டிவி இல்லாத அந்த அறையில் அப்பா எனக்கு விளக்கினார், கோடும் பொட்டும் காட்டி.

பெயர் போடாதீங்க அங்கிள் என்று அவள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் பக்கத்து வார்டில் யார் தனியாகக் கிடக்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. இனி சனிக்கிழமை சாயங்காலங்கள் அந்த ஆஸ்பத்திரிக்கு. வீட்டில் சொல்லிவிட்டேன்.

அம்மாடி, கடைசித் தாளில் மூன்றாம் குவார்ட்டர் கூட்டலில் இரண்டு புள்ளி உதைக்கிறதாம். நேற்று ராத்திரி மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்துவிடு. சிவப்புப் பேனாவோடு காத்திருக்கிறார்.